கார் இல்லாமல் பனியாற்றின் ஓரம்வரை

கேள்வியை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டத் தெரியாது. ரயில், பஸ், கேபிள் கார் இவற்றை மட்டும் நம்பிப் போய், பனியாறுகளுக்கு அருகே மலைப்பாதைகளில் நடக்க வேண்டும். ஒரு வாரம் இருக்கிறது. நாளுக்கு நான்கைந்து மணி நேரம் நடக்கக் கால் இடம் கொடுக்கும். கயிறும் பனிக்கோடரியும் தொட்டதில்லை. எங்கே போகலாம், எப்படித் திட்டமிடலாம்?

தாராளமாகப் போகலாம். சொல்லப்போனால் கார் இல்லாதவருக்குத்தான் நல்ல பாதைகள் வாய்க்கின்றன. காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடப்பவர், மாலையில் அந்தக் கார் நிற்கும் இடத்துக்கே திரும்பியாக வேண்டும். முளையில் கட்டிய கன்று மாதிரி, கயிற்றின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அவருடைய மேய்ச்சல். ரயிலில் வந்தவருக்கு அந்தக் கயிறு இல்லை. ஒரு நிலையத்தில் இறங்கி, மலையின் தோளைச் சுற்றிக்கொண்டு, வேறொரு நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். பனியாறு என்பது ஓரிடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பொருள் அல்ல. அதன் பக்கவாட்டில் மணிக்கணக்காக நடந்தால்தான் அது ஓர் ஆறு என்பதே மனத்தில் பதியும். அப்படி நடக்க, தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டாத பயணம் வேண்டும்.

ஆனால் கடைசி வண்டி என்று ஒன்று இருக்கிறது. அதை மறந்தவனுக்கு இந்தச் சுதந்திரம் எல்லாம் இரவில் தார்ச்சாலையில் நடக்கும் சுதந்திரமாக முடியும். ஆகவே என் திட்டங்கள் எல்லாம் பின்னாலிருந்து தொடங்குகின்றன. முதலில் இறங்கும் இடத்திலிருந்து கிளம்பும் கடைசி பஸ் அல்லது கேபிள் கார் எப்போது என்று பார்ப்பேன். அதற்கு முந்தையதைப் பிடிப்பது என்று வைத்துக்கொள்வேன். அங்கிருந்து நடை நேரத்தைக் கழித்து, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கழித்தால், காலையில் எந்த ரயிலில் ஏற வேண்டும் என்பது தானாக வந்து நிற்கும். பாதையைத் தேர்ந்த பிறகு வண்டியைத் தேடுகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

இதற்கு ஏற்ற நாடு எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் சுவிட்சர்லாந்து என்பேன். அங்கே 1982 முதல் ரயில்கள் ஒரே இடைவெளி முறையில் ஓடுகின்றன: 10.04-க்கு ஒரு வண்டி என்றால் 11.04-க்கும் உண்டு, 12.04-க்கும் உண்டு. மலையடிவார நிலையத்தில் ரயில் நின்றதும் எதிரே மஞ்சள் நிற அஞ்சல் பஸ் காத்திருக்கும். அந்த பஸ் போய் நிற்கும் இடத்தில் கேபிள் கார் இருக்கும். இவை ஒன்றையொன்று பார்த்து நேரம் வகுக்கப்பட்டவை. இன்னொரு காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆல்ப்ஸில் போட்ட மலை ரயில்களில் பல, பனியாறு பார்க்க வருகிறவர்களை நம்பியே போடப்பட்டவை. செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் போகும் பல்சக்கர ரயில் 1898-இல் வந்தது, பிரான்ஸில் ஷமோனியிலிருந்து மோன்டான்வேர் போகும் ரயில் 1909-இல், யுங்ஃப்ராவ்யோக் என்ற உயரமான கணவாய்க்குப் போகும் ரயில் 1912-இல். தண்டவாளங்கள் அப்படியே இருக்கின்றன. பனியாறுகள்தான் எழுந்து பின்னால் போய்விட்டன.

அதைக் கண்ணால் காண நான் முதலில் அனுப்பும் இடம் மோர்ட்டராட்ச். சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில், பெர்னினா ரயில் தடத்தில், 1,896 மீட்டர் உயரத்தில் உள்ள சிறிய நிலையம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ரயில் வந்தபோது பனியாற்றின் முனை நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது அதைப் பார்க்க முக்கால் மணி, ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். பாதை அகலமானது, ஏறக்குறைய சமதளம்; குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கலாம். வழியில் ஆண்டுகள் எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள்: அந்த ஆண்டில் பனி இதுவரை இருந்தது என்று பொருள்.

பலகைகளை எல்லோரும் படிக்கிறார்கள். நான் செடிகளைப் பார்க்கச் சொல்வேன். நிலையத்துக்கு அருகில் ஓங்கிய லார்ச் மரங்களும் மலைப் பைன் மரங்களும் நிற்கும். சிறிது தூரம் போனால் மரங்கள் ஆள் உயரமாகும். பிறகு முழங்கால் அளவு வில்லோப் புதர்கள். அதன் பிறகு கற்களின் இடுக்கில் பாசியும் சிறு பூக்களும். கடைசியில் வெறும் கல், சேறு, சாம்பல் நிற நீர். பனி விலகிய நிலத்தில் உயிர் எந்த வரிசையில் குடியேறுகிறது என்பதை இவ்வளவு சுலபமாக வேறெங்கும் காண முடியாது. நூறு ஆண்டுக் கதை, ஒரு மணி நேர நடையில். நிலையத்தைப் பார்த்து நடந்தால் காலம் முன்னால் ஓடும். பனியைப் பார்த்து நடந்தால் பின்னால்.

கால் இன்னும் கேட்டால், அதே நிலையத்திலிருந்து, மலையேறுகிறவர்கள் தங்கும் போவால் குடிலுக்கு ஏறலாம். 2,495 மீட்டர் உயரம், ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதை பனியாற்றின் பக்கவாட்டு மொரைனை ஒட்டிப் போகிறது. மொரைன் என்பது பனியாறு அரைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ஓரத்தில் குவித்த கல்லும் மண்ணும். 1850 வாக்கில், பனியாறுகள் கடைசியாகப் பெருத்திருந்தபோது குவிந்த மேடுகள்தான் இன்று ஆல்ப்ஸ் முழுக்கப் பள்ளத்தாக்கின் இருபுறமும் அணைக்கரை மாதிரி நீண்டு கிடக்கின்றன. அந்த மேட்டில் நின்று கீழே பார்த்தால் ஓர் அதிர்ச்சி: பனி ஒரு காலத்தில் நாம் நிற்கும் மட்டத்தில் இருந்திருக்கிறது! இப்போது அது எங்கோ அடியில் கிடக்கிறது.

இந்தத் தடத்தில் ஓடும் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த பெர்னினா எக்ஸ்பிரஸை நடப்பவர்கள் மறந்துவிடலாம். அது மோர்ட்டராட்சில் நிற்காது. இருக்கைக்குத் தனிக் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வட்டார ரயிலில் ஜன்னலைத் திறந்துகொண்டே போகலாம். அந்த ரயிலில் ஓஸ்பித்சியோ பெர்னினா நிலையம்வரை போய் (2,253 மீட்டர்), வெள்ளை ஏரியின் கரையோடு ஆல்ப் குரூம் நிலையத்துக்கு (2,091 மீட்டர்) நடப்பது ஒன்றரை மணி நேர வேலை. முடியும் இடத்தில் பாலூ பனியாறு எதிரே தொங்கிக்கொண்டிருக்கும். வெள்ளை ஏரியின் நீர் போ ஆற்றின் வழியாக ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. சில நூறு மீட்டர் தள்ளியுள்ள கறுப்பு ஏரியின் நீரோ டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கு. ஏறும் நிலையமும் இறங்கும் நிலையமும் ஒரே தடத்தில் அடுத்தடுத்து இருப்பதால், களைத்தால் திரும்பிவிடலாம், வண்டி தவறினால் அடுத்தது வரும். முதல் நாளுக்கு இதைவிட அச்சமற்ற நடை இல்லை.

அடுத்தது ஆலெட்ச். வாரத்தில் இரண்டு நாள் இதற்கென்றே ஒதுக்குங்கள். ஆல்ப்ஸின் மிகப் பெரிய பனியாறு. நீளம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கொங்கோர்டியா என்ற இடத்தில் பல பனியோட்டங்கள் வந்து கூடும்போது ஆழம் 800 மீட்டருக்கும் மேல். யுங்ஃப்ராவ்–ஆலெட்ச் பகுதி 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவு பெரிய ஒன்றை அடைய எடுக்கும் சிரமமோ மிகக் குறைவு. ரோன் பள்ளத்தாக்கில் பிரிக் நகரிலிருந்து சிவப்பு நிறக் குறுகிய பாதை ரயிலில் ஏறினால் வழியில் மொரெல், பெட்டன், ஃபீஷ் என்று மூன்று நிலையங்கள். மூன்றிலிருந்தும் கேபிள் கார் மேலே போகிறது. மேலேயுள்ள ரீடர்ஆல்ப், பெட்மர்ஆல்ப் ஆகிய ஊர்களுக்குள் கார்களே கிடையாது. ஊருக்குப் போவதே கேபிள் காரில்தான், பள்ளிப் பிள்ளைகளும் தபாலும்கூட.

நான் பரிந்துரைக்கும் வழி இது. காலையில் பெட்டனில் இறங்கி பெட்மர்ஆல்புக்கு, அங்கிருந்து இன்னொரு கேபிள் காரில் பெட்மர்ஹோர்ன் நிலையத்துக்கு (சுமார் 2,650 மீட்டர்). கதவைத் திறந்து வெளியே வந்து நாலெட்டு வைத்தால் பனியாறு முழு நீளத்துக்கும் கண்முன் வளைந்து கிடக்கும். அதன் நடுவில் இரண்டு கருங்கோடுகள் ஓடுவதைக் கவனியுங்கள். மேலே கொங்கோர்டியாவில் பனியோட்டங்கள் கூடும்போது ஒவ்வொன்றின் ஓரக் கற்களும் சேர்ந்து நடுவில் கோடாகிவிடுகின்றன. அங்கிருந்து மலைச் சரிவை ஒட்டிய பாதையில், பனியாற்றை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, மேரியெலன் ஏரிவரை நடக்க வேண்டும். பிறகு மலைக்கு அடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள டெலிகிராட் சுரங்கப்பாதையில் நுழைந்து மறுபக்கம் ஃபீஷர்ஆல்புக்கு வந்துவிடலாம். கைவிளக்கு ஒன்று பையில் இருக்கட்டும். எல்லாம் சேர்த்து நான்கு மணி நேர நடை. ஃபீஷர்ஆல்பிலிருந்து கேபிள் கார் ஃபீஷ் ரயில் நிலையத்தின் தலைக்கே கொண்டுவந்து இறக்கும். ஏறியது பெட்டன், இறங்கியது ஃபீஷ், இரண்டுக்கும் ஒரே ரயில்.

மேரியெலன் ஏரி இப்போது சாதுவாக, சின்னதாக இருக்கிறது. முன்பு அப்படியில்லை. பனியாறே அணையாக நின்று நீரைத் தேக்கும். அணை உடையும்போது கீழே ஃபீஷ் பக்கத்து ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கும். அதனால் 1678-இல் அந்த ஊர் மக்கள், பனியாறு இனியும் வளரக்கூடாது என்று கடவுளிடம் நேர்ந்துகொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வேண்டுதல் தொடர்ந்தது. வேண்டுதல் பலித்ததுதான் சிக்கல்: 2010 வாக்கில் வாத்திகனின் அனுமதி பெற்று வேண்டுதலைத் திருப்பிப்போட்டார்கள். இப்போது பனியாறு உருகக்கூடாது என்று வேண்டுகிறார்கள்.

கொங்கோர்டியாவில் ஒரு மலைக் குடில் உண்டு. 1877-இல் முதல் குடிலைக் கட்டியபோது பனியிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில் இருந்ததாம். இப்போது பனியிலிருந்து குடிலுக்குப் பாறையில் அடித்த இரும்புப் படிகளில் 150 மீட்டர் அளவுக்கு ஏற வேண்டும். அங்கே போவது பனிமேல் நடக்கும் இரண்டு நாள் பயணம். வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது. ஆனால் வழிகாட்டியோடு போகும் குழுக்கள் கோடையில் இருக்கின்றன, கயிற்றுப் பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒருமுறையாவது பனியின் மேல் கால் வைக்க ஆசை இருந்தால் இதுவே சரியான வழி.

செர்மாட், கிரிண்டல்வால்ட் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்தவை. கோர்னர்கிராட்டின் உச்சி நிலையம் 3,089 மீட்டர். எல்லோரும் அங்கே படம் எடுத்துவிட்டு அதே ரயிலில் இறங்கிவிடுவார்கள். நீங்கள் அதே தடத்தில் ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கி ரிஃபெல்பெர்க் நிலையம்வரை நடந்தால் கூட்டம் பாதியாகக் குறையும், மாட்டர்ஹோர்ன் சிகரம் வழியிலுள்ள ஏரியில் தலைகீழாகத் தெரியும். கிரிண்டல்வால்ட் பக்கம், ஐகர் மலையின் வடக்குச் சுவருக்கு அடியில் ஐகர்கிளெட்ஷர் நிலையத்திலிருந்து ஆல்பிக்லன் நிலையம்வரை இறங்கும் ஆறு கிலோமீட்டர்ப் பாதையும் நிலையத்துக்கு நிலையம் போகும் நடைதான். இரண்டும் அழகு. இரண்டும் கைச்செலவைக் கடிக்கும்.

ஷமோனி வேறு ரகம். சுவிட்சர்லாந்தின் மார்ட்டிக்னியிலிருந்து செங்குத்தான தடத்தில் ஏறி வரும் சிறிய ரயில் எல்லை தாண்டி ஷமோனிப் பள்ளத்தாக்கின் ஊர்கள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறது. அங்கே தங்கும் விருந்தினருக்குத் தங்குமிடத்தில் கொடுக்கும் அட்டையைக் காட்டினால் பள்ளத்தாக்குக்குள் ஓடும் பஸ்ஸிலும் ரயிலிலும் கட்டணம் இல்லை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சிலர் தாங்களாகத் தர மறந்துவிடுவார்கள். நடை: எகுய் தூ மிதி கேபிள் காரின் நடு நிலையத்தில் (2,317 மீட்டர்) இறங்கி, மலைச்சரிவின் வழியே மோன்டான்வேர்வரை இரண்டரை மணி நேரம். முடிவில் மேர் தெ கிளாஸ், அதாவது பனிக்கடல். பெயரைக் கேட்டு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து ஏமாறுவது வழக்கம்: கடல் அடியில் வற்றிக் கிடக்கிறது, மேலெல்லாம் கல். பனிக்குகைக்கு இறங்கும் படிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போய் ஐந்நூறைத் தாண்டின. பாறையில் ஆங்காங்கே பனியின் பழைய மட்டத்தை ஆண்டு போட்டுக் குறித்திருப்பார்கள். மோர்ட்டராட்சில் கிடையாகப் படித்த கதையை இங்கே செங்குத்தாகப் படிக்கலாம்.

ரயில் போகாத இடங்களுக்குக் கணவாய் பஸ்கள் இருக்கின்றன. ஃபுர்கா, கிரிம்சல், சுஸ்டன் ஆகிய கணவாய்களைக் கடக்கும் அஞ்சல் பஸ்கள் ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரைதான் ஓடும். அதுவும் நாளுக்குச் சில தடவை மட்டும். குருட்டு வளைவுகளில் ஓட்டுநர் மூன்று சுரத்தில் ஹாரன் அடிப்பார். ரோசினியின் வில்லியம் டெல் இசையிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. ஃபுர்கா பஸ்ஸில் போனால் ரோன் பனியாற்றின் முனையருகிலேயே நிறுத்தம். அங்கே பல ஆண்டுகளாகக் கோடைதோறும் பனியின் ஒரு பகுதிக்கு வெள்ளைத் துணி போர்த்தி வைத்தார்கள், உள்ளேயுள்ள குகை உருகாமல் இருக்க. நோயாளிக்குப் போர்த்தியது போலத்தான் எனக்குத் தோன்றியது.

சுஸ்டன் சாலையிலேயே நெசென்டால் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் ட்ரிஃப்ட் கேபிள் கார். ஒரு தடவைக்கு எட்டுப் பேர்தான் ஏறலாம்; முன்பதிவு செய்யாமல் போய் வெயிலில் வரிசையில் நிற்காதீர்கள். மேலே இறங்கி ஒன்றரை மணி நேரம் ஏறினால் 170 மீட்டர் நீளமும் 100 மீட்டர் உயரமும் கொண்ட தொங்குபாலம் வரும். முன்பு மலைக் குடிலுக்குப் போகிறவர்கள் பனியாற்றின் மேலேயே நடந்து மறுகரை சேர்ந்தார்கள். பனி தேய்ந்து, அந்த இடத்தில் ஏரி உண்டாகி, பாதையே இல்லாமல் போனது. அதனால் 2004-இல் பாலம் கட்டினார்கள். 2009-இல் அதை மாற்றி இன்னும் நீளமாக, உயரமாகக் கட்டினார்கள். காற்றடிக்கும் நாளில் பாலத்தின் நடுவில் நின்று பாருங்கள். நான் நின்றேன், மறுகரைக்கு எத்தனை வேகமாகப் போனேன் என்பதைச் சொல்ல மாட்டேன்.

ஆல்ப்ஸுக்கு வெளியே இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன். நார்வேயில் ஆஸ்லோ–பெர்கன் ரயில் தடத்தில் ஃபின்சே நிலையம்: 1,222 மீட்டர், அந்த நாட்டு ரயில்வேயின் மிக உயர்ந்த நிலையம். அங்கே வாகனச் சாலையே கிடையாது. ரயிலில்தான் போக முடியும். நிலையத்திலிருந்து கற்களில் சிவப்பு மையால் எழுதிய டி எழுத்துகளைப் பின்பற்றி, ஹார்டாங்கர்யோக்குலன் பனிமுடியிலிருந்து இறங்கும் நீலநிறப் பனிநாக்குவரை போய்த் திரும்ப நான்கைந்து மணி நேரம் ஆகும். ஜூலையிலும் வழியில் பழைய பனி கிடக்கும். இன்னொன்று அலாஸ்காவில் ஸ்பென்சர் பனியாறு. இதற்கும் சாலை இல்லை. கோடையில் ரயில் வந்து காட்டுக்குள் இறக்கிவிட்டு, பிற்பகலில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த ஒரு வண்டிதான். கடைசி வண்டியைப் பற்றி மேலே எழுதியதை இங்கே போகிறவர் இரண்டு தடவை படிக்கட்டும்.

கால அட்டவணையைப் பற்றி என் சொந்த அவமானம் ஒன்று. ஒரு கணவாயில் மாலை பஸ்ஸை நம்பி மெதுவாக நடந்து வந்தேன். நிறுத்தத்தில் ஒட்டியிருந்த தாளில் அந்த நேரம் தெளிவாக இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறியும் இருந்தது. ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் மட்டும் என்பது அதன் பொருள். அன்று சனிக்கிழமை. இரண்டரை மணி நேரம் தார்ச்சாலையில் இறங்கினேன், பாதி இருட்டில். அட்டவணையில் நேரத்தைவிட அதன் பக்கத்தில் இருக்கும் குறிகள் முக்கியம். வட்டத்துக்குள் எண் இருந்தால் அது கிழமை: 1 என்றால் திங்கள், 7 என்றால் ஞாயிறு. தொலைபேசிச் சின்னம் இருந்தால், முன்பே அழைத்துச் சொன்னால்தான் பஸ் வரும். அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் மாறும். ஆகவே பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் நேரங்களை நம்ப வேண்டாம். கேபிள் கார்கள் வசந்தத்திலும் நவம்பரிலும் பராமரிப்புக்காக வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை எல்லாம் ஓடும். எனக்குப் பிடித்தது செப்டம்பர்: காற்று தெளிவாக இருக்கும், இடி மழை குறையும், ஆனால் பொழுது சுருங்கும், கடைசி வண்டியும் சீக்கிரம் போய்விடும்.

டிக்கெட் பற்றிச் சுருக்கமாக: சுவிட்சர்லாந்தில் வெளிநாட்டவருக்கான பயண பாஸ் ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் செல்லும், உயரமான மலை ரயில்களுக்கும் கேபிள் கார்களுக்கும் பெரும்பாலும் தள்ளுபடி மட்டும்தான். ஒரே பகுதியில் தங்கி மலை ஏறி இறங்குகிறவருக்கு, எல்லாவற்றையும் பாதி விலையாக்கும் அரைக் கட்டண அட்டையே பல சமயம் லாபம். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டைத் திரும்பும் பயணத்துக்கு வாங்காதீர்கள். மலையிலிருந்து இறங்குகிறவன் நிமிடக் கணக்கு பார்த்து ஓடினால் கணுக்கால்தான் போகும்.

சுவிட்சர்லாந்துப் பாதைகளின் நிறத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் அம்பு சாதாரண நடைபாதை. வெள்ளை–சிவப்பு–வெள்ளை மலைப்பாதை: குறுகலாக, சில இடங்களில் செங்குத்தாக இருக்கும், நல்ல காலணியும் தலைசுற்றாத மனமும் வேண்டும். வெள்ளை–நீலம்–வெள்ளை ஆல்பைன் பாதை: பாறையில் ஏறுவது, பனியைக் கடப்பது எல்லாம் வரலாம். நீங்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழிகாட்டியோடு போகும் கொங்கோர்டியா தவிர, மேலே சொன்ன சுவிட்சர்லாந்து நடைகள் எல்லாம் அவற்றுக்குள்ளேயே முடிகின்றன. கைகாட்டிப் பலகைகளில் இருக்கும் நேரத்தில் ஓய்வு சேர்க்கப்படவில்லை. சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற கணக்கில் போட்டது. பனியாற்றைப் பார்த்து நிற்காமல் நடக்கிறவர் எவரும் இல்லை என்பதால், நான் சொன்ன மூன்றில் ஒரு பங்கு இங்கேதான் செலவாகும்.

இனி ஆபத்து. பனியாற்றின் முனையில் நீலக் குகை ஒன்று வாய் திறந்து நிற்கும். உள்ளே போய்ப் படம் எடுக்கக் கை பரபரக்கும். போகாதீர்கள். பகல் வெப்பத்தில் அந்தக் கூரை முன்னறிவிப்பின்றி விழும். அதே காரணத்தால் பனியிலிருந்து வரும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவாகவும் பிற்பகலில் தொடையளவாகவும் இருக்கும். காலையில் தாண்டிய கல்லை மாலையில் தேடினால் நீருக்கடியில் இருக்கும். மொரைன் மேட்டின் விளிம்பிலும் நிற்க வேண்டாம். உள்பக்கம் பனியின் முட்டு இல்லாமல் நின்றுகொண்டிருக்கும் வெறும் மண் அது. கயிறும் வழிகாட்டியும் இன்றிப் பனியின் மேல் நடப்பது பற்றிப் பேச்சே இல்லை. புதுப்பனி மூடிய பிளவுகளை அனுபவசாலிகளாலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

மலையே இடம் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்துப் பனியாறுகள் தம் கன அளவில் பத்து விழுக்காட்டை இழந்தன. 2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மர்மோலாடாவில் பனித்திரள் உடைந்து 11 பேர் இறந்தார்கள். ஆலெட்சின் கீழ்ப்பகுதியில், பனியின் முட்டு போனதால் 2016-இல் மூஸ்ஃப்ளூவுக்குக் கீழேயுள்ள சரிவு வேகமாக நகரத் தொடங்கி, சில பாதைகளை மூட வேண்டிவந்தது. 2025 மே 28 அன்று பிர்ச் பனியாறு சரிந்து லோட்ஷென்டால் பள்ளத்தாக்கில் பிளாட்டன் என்ற ஊரின் பெரும்பகுதியைப் புதைத்தது. ஊரார் சுமார் 300 பேர் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அச்சிட்ட வரைபடத்தை மட்டும் நம்பிக் கிளம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்து அரசின் இணைய வரைபடத்தில் மூடிய பாதைகள் சிவப்பாகத் தெரியும். கிளம்பும் நாள் காலையில் பாருங்கள். கேபிள் கார் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்பது அதைவிட நல்லது.

சாமான்கள் பற்றி நீட்ட மாட்டேன். கணுக்காலைப் பிடிக்கும் காலணி, இரண்டு கைத்தடி, மழைச்சட்டை, குல்லாய், கறுப்புக் கண்ணாடி. பனியாற்றின் மேலிருந்து எப்போதும் குளிர்காற்று கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்; பள்ளத்தாக்கில் சட்டை நனைய வியர்த்தவர் அரை மணியில் பல் நடுங்க நிற்பார். பெரிய பையை நிலையத்துப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுச் சிறு பையோடு ஏறுங்கள். ரயில் உங்களை நேராக மூவாயிரம் மீட்டருக்குத் தூக்கிவிடும். உடம்பு அவ்வளவு வேகமாக ஏறாது. தலை வலித்தால் ஒரு நிலையம் கீழே இறங்கிக்கொள்ளுங்கள், அதற்குத்தானே ரயில் இருக்கிறது. உதவிக்கு ஐரோப்பா முழுவதும் 112. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. ஆலெட்சும் செர்மாட்டும் இருக்கும் வலே மாநிலத்தில் மட்டும் 144.

உங்கள் ஒரு வாரத்தை நான் இப்படி வகுப்பேன். முதல் மூன்று இரவுகள் மோர்ட்டராட்சுக்குப் பக்கத்து ஊரான பொன்ட்ரெசினாவில்: ஒரு நாள் ஆல்ப் குரூம், ஒரு நாள் மோர்ட்டராட்சும் கால் இருந்தால் போவால் குடிலும். நான்காம் நாள் மேற்கே பயணம். கிளேசியர் எக்ஸ்பிரஸ் போகும் அதே குறுகிய பாதைத் தடத்தில், வட்டார ரயில்களில் மாறி மாறி ஃபீஷுக்கு வந்து சேர்வதற்குள் பகலில் பெரும்பகுதி போய்விடும். அதை வீணான நாள் என்று எண்ணாதீர்கள், ஓபரால்ப் கணவாய் ஜன்னலுக்கு வெளியே வரும். ஐந்தும் ஆறும் ஆலெட்ச்: ஒரு நாள் வானம் மூடினாலும் மறுநாள் மிச்சம் இருக்கும். ஏழாம் நாள், தெளிவாக இருந்தால் ரோட்டன்போடன். மேகம் இருந்தால் கீழேயே மார்ட்டிக்னி வழியாக ஷமோனி. மேகத்தில் பனியாறு பார்க்கக் கேபிள் காருக்குப் பணம் கட்டுவதைப் போல வேதனை வேறில்லை. நிலையங்களில் உச்சியின் நேரடிக் காட்சியைத் திரையில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். பெர்னினா தடத்தில் சிறிய நிலையங்கள் பலவற்றில், யாராவது கேட்டால்தான் ரயில் நிற்கும். இறங்க வேண்டுமானால் பெட்டிக்குள் இருக்கும் பொத்தானை முன்கூட்டியே அழுத்துங்கள். திரும்பி ஏறும்போது நடைமேடையில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். பனியைப் பார்த்த மயக்கத்தில் நடைமேடையில் சும்மா நின்றுகொண்டிருந்தவர்களைக் கடந்து வண்டி போவதைப் பார்த்திருக்கிறேன்.